பத்தாம் வகுப்புப் பையனைச் செவன்ஸ் ஆட விடலாமா?

மணல்மேட்டு வாத்தியார் (சனி, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று ஒரு குழப்பம், அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

தேங்காய்ப்பட்டணத்துக்கும் நீரோடிக்கும் நடுவே உள்ள ஒரு கடற்கரை ஊர்க்காரன் நான். நீரோடியோடு தமிழ்நாடு முடிகிறது. அடுத்த எட்டு வைத்தால் பொழியூர், கேரளம். எங்கள் பக்கம் ஒரு பையன் கிரிக்கெட் மட்டையோடு போனால் 'எந்த வீட்டுக்கு விருந்து வந்திருக்கான்' என்று கேட்பார்கள். அந்த அளவுக்குக் கால்பந்து.

நான் மாவட்டத்துக்கு ஆடினேன், பல்கலைக்கழகத்துக்கு ஆடினேன். லெஃப்ட் விங், அதாவது இடது ஓரத்தில் முன்னேறி ஆடுகிறவன். 23 வயதில் மலப்புரம் பக்கம் ஒரு செவன்ஸ் ஆட்டத்தில் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) இடது கால் முட்டு போனது. அறுவடை முடிந்த வயலில் போட்ட மைதானம். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், எனக்கு மட்டும் கேட்டது. கமிட்டிக்காரர்கள் அன்றைய ஆட்டத்துக்குப் பேசிய பணத்தைக் கொடுத்து, ரயில் நிலையம் வரை ஜீப்பும் ஏற்பாடு செய்தார்கள். அதோடு அவர்கள் கணக்கு முடிந்தது. ஆபரேஷனுக்கு அம்மாவின் வளையல் போனது. அப்புறம் பி.பி.எட். முடித்து, பன்னிரண்டு வருடமாக ஒரு உயர்நிலைப் பள்ளியில் பி.டி. வாத்தியாராக இருக்கிறேன்.

இப்போது என்னிடம் ஒரு பையன். பத்தாம் வகுப்பு. இவனும் இடது கால்தான். பந்தைக் கொடுத்துவிட்டு இடம் மாறி நிற்கத் தெரிந்தவன். அது சொல்லிக் கொடுத்து வருவதில்லை. பாரதியார் தினப் போட்டியில் மண்டலம் தாண்டி, பள்ளி அணி மாநிலத்துக்குப் போகிறது. பிப்ரவரியில் ஆட்டம். அதற்கப்புறம் பொதுத் தேர்வு.

போன வாரம் மலப்புரத்திலிருந்து ஒரு செவன்ஸ் டீமின் மேனேஜர் அவனுக்குப் போன் செய்திருக்கிறார். ஆட்டத்துக்கு 2,500 ரூபாய், போக வரச் செலவு தனி. இவன் அப்பா கொச்சியிலிருந்து தூண்டில் படகில் போகிறவர். போனால் நாற்பது நாள். கடைசி இரண்டு கடல் தங்கலும் எண்ணெய்க் காசுக்கே சரியாகப் போனதாகக் கேள்வி.

போகாதே என்றேன். அவன் மறுத்துப் பேசவில்லை. பந்துகளை வலைப்பையில் போட்டுக் கட்டிக்கொண்டே, "சார், நீங்க போனீங்கதானே?" என்றான்.

அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. சொல்லுங்கள்.

பொழியூர்க்காரன் (சனி, இரவு 10.15)

சாரே, கோபப்படக்கூடாது. உங்கள் முட்டு போனதற்குச் செவன்ஸ் பொறுப்பில்லை. பதினொருவர் ஆட்டத்திலும் முட்டு போகும், பஸ்ஸில் இருந்து இறங்கினாலும் போகும்.

நான் ஏழு சீசன் செவன்ஸ் ஆடினேன். வீட்டுக்கு ஓடு மாற்றி கான்கிரீட் போட்டது அந்தக் காசில். தங்கச்சியின் கல்யாணமும் அதில்தான். எனக்கு எந்த கிளப்பும் கடிதம் போடவில்லை, எந்த டிபார்ட்மென்ட் டீமும் கூப்பிடவில்லை. கூப்பிட்டது செவன்ஸ் மட்டும். நைஜீரியா, கானாவிலிருந்து வந்து ஆடுகிறவர்களோடு தோளில் தோள் இடித்து ஆடியிருக்கிறேன். அந்த ஒரு சீசனில் கற்றதை எந்த கேம்பும் சொல்லித் தராது.

பையன் போகட்டும். திறமை இருக்கிறவனுக்குக் காசு வரும்போது தடுக்கிறது பாவம்.

விசில் (ஞாயிறு, காலை 6.50)

நான் ரெஃப்ரியாக நின்றவன். பொழியூர்க்காரன் அண்ணன் சொன்னதில் பாதி சரி. மீதிக்கு என் பதில்.

செவன்ஸில் ஆஃப்சைடு கிடையாது, அதாவது பந்து வரும் முன்பே எதிரணித் தற்காப்பைத் தாண்டி நிற்பது தப்பில்லை. மைதானம் சிறியது. முன்னால் நிற்பவன் எதிரணி கோளியின் (கோல்கீப்பர்) பக்கத்திலேயே குடியிருக்கலாம். டிசம்பர் முழுக்க அப்படி ஆடிய பையனைப் பிப்ரவரியில் பெரிய மைதானத்தில் இறக்கினால் என்ன ஆகும்? ஆஃப்சைடு கொடி மேலே போய்க்கொண்டே இருக்கும். பந்து போனால் பின்னால் ஓடி வந்து தற்காப்பு ஆட்டக்காரனுக்கு உதவுகிற பழக்கமும் போய்விடும். இதை நான் கண்ணால் பார்த்தவன்.

அடுத்தது காகிதம். செவன்ஸுக்கு அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் அங்கீகாரம் இல்லை. ஆள் உயரக் கோப்பை தருவார்கள், சர்டிஃபிகேட் தரமாட்டார்கள். தந்தாலும் எந்த அலுவலகத்திலும் செல்லாது. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. அங்கே கேட்பது மாநில, தேசியப் போட்டிகளின் காகிதத்தை. ஒரு மாநிலப் போட்டியை 2,500 ரூபாய்க்கு விற்கலாமா என்பதுதான் கேள்வி.

ராக்கெட் ராஜா (ஞாயிறு, காலை 7.05)

எதுக்குடே இந்தப் பாடு. கிரிக்கெட் ஆடச் சொல்லுங்க. ஐ.பி.எல். இருக்கு.

பொழியூர்க்காரன் (ஞாயிறு, காலை 7.08)

நீ எந்த வீட்டு விருந்து?

பழைய கோளி (ஞாயிறு, மதியம் 2.30)

சிரித்துவிட்டேன். சரி, என் வயதுக்கு இரண்டு பழைய கதை சொல்லலாம்.

வாத்தியார் தம்பி 'பி.டி. வாத்தியார்' என்று கொஞ்சம் தாழ்த்தியே எழுதியிருப்பதுபோல எனக்குப் பட்டது. இந்தியாவுக்குக் கிடைத்த பெரிய கோச் ஹைதராபாத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர்தான், சையத் அப்துல் ரஹீம். 1951இல் டெல்லியிலும் 1962இல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டுத் தங்கம், நடுவே 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். எல்லாம் அவர் கையில். ஜகார்த்தாவில் ஸ்டாப்பர் (நடுத் தற்காப்பு) ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல். ரஹீம் சாகிப் அவரை உட்கார வைக்கவில்லை, முன்னால் கொண்டு நிறுத்தினார். ஃபைனலில் தென் கொரியாவை 2-1 என்று ஜெயித்தோம். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. காய்ச்சலில் கிடந்த தங்கராஜ் அன்று கோலுக்குத் திரும்பினார். கோளி என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர் ஹைதராபாத்தில் பையன்களுக்குப் போட்டி வைப்பாராம், பழக்கமில்லாத காலால் மட்டும் ஆட வேண்டும் என்று. ஒரு வாத்தியாருக்குத்தான் அப்படித் தோன்றும்.

இன்னொன்று. மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் கோப்பையைக் கேரளம் முதல்முதலாக வாங்கியது 1973இல், எர்ணாகுளத்தில். ரயில்வேயை 3-2. கேப்டன் மணி மூன்று கோலும் அடித்தார். அந்த டீமுக்குக் கோச் யார் தெரியுமா? நம் தமிழ்நாட்டுக்காரர், ரோம் ஒலிம்பிக் ஆடிய சைமன் சுந்தர்ராஜ். எல்லை என்று ஒன்று பந்துக்கு எப்போது இருந்தது?

பையன் விஷயத்தில் எனக்குத் தெளிவில்லை. கதைதான் இருக்கிறது.

ஷார்ஜா விங் (ஞாயிறு, மாலை 5.10)

எங்கள் இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் போனாரே, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், அப்புறம் ஏ.டி.கே. கிளப்புகளுக்கு ஆடினார். 2019-20 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை வாங்கிய டீமில் இருந்தார். அடுத்த சீசன் முதல் ஆட்டத்திலேயே முட்டு போய்விட்டது. இங்கே ஷார்ஜாவில் ஒரு அறையில் பதினோரு பேர் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் எழுந்திருக்காததைப் பார்த்து எவனும் வாய் திறக்கவில்லை.

கிளப்பில் இருப்பவனுக்கு டாக்டர் ஓடி வருவார். வயலில் விழுந்தவனுக்கு யார் வருவார்? வாத்தியார் சாருக்கு ஜீப்தான் வந்தது.

மணல்மேட்டு வாத்தியார் (ஞாயிறு, இரவு 8.30)

எல்லோருக்கும் நன்றி. பழைய கோளி அண்ணா, தாழ்த்தி எழுதவில்லை. ஆனால் முதல் இரண்டு மூன்று வருடம் நான் தாழ்ந்த கோச்தான். அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது தினமும் ஆடிக் காட்டுவேன். பந்தைத் தூக்கி நெஞ்சில் வாங்கி, தரையைத் தொடும் நேரத்தில் அடித்து வலைக்குள் போடுவேன். பையன்கள் கை தட்டுவார்கள். எனக்கும் சுகமாக இருக்கும். ஒருத்தனுக்கும் அது வரவில்லை. இரண்டாம் வருடம் கோச்சுகளுக்கான டி லைசென்ஸ் வகுப்புக்குப் போனபோது, அங்கே பாடம் எடுத்தவர் என் பயிற்சியைப் பார்த்துவிட்டு, "நல்லா ஆடறீங்க. பையன்கள் எப்போ ஆடுவாங்க?" என்று கேட்டார். பத்து நிமிடம் வாயை மூடிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார். அந்தப் பத்து நிமிடம் மாதிரி நீளமான பத்து நிமிடம் எனக்கு இல்லை.

என் காலுக்குத் தெரிந்தது என் வாய்க்குத் தெரியவில்லை. அதுதான் விஷயம்.

எங்கள் பையன்கள் மணலில் பழகியவர்கள். மணலில் பந்து வந்து நின்றுவிடும். அதனால் பாதத்தை அடியில் கொடுத்துக் கிளப்பி எடுப்பார்கள். கெண்டைக்கால் இரும்பு மாதிரி இருக்கும். ஆனால் களியக்காவிளை தாண்டிக் கெட்டி மைதானத்தில் கொண்டுபோய் விட்டால், வருகிற பந்து அதே காலில் பட்டு மூன்று கஜம் தள்ளி ஓடும். எதிராளிக்குத் தானம் செய்த மாதிரி. 'டிராப் பண்ணு, டிராப் பண்ணு' (பந்தைக் காலடியில் நிறுத்து) என்று தொண்டை கிழியக் கத்துவேன். 'காலைத் தளர விடு' என்பேன். அவர்களுக்கு விளங்காது. நான் எப்படிச் செய்கிறேன் என்று யோசித்தால் எனக்கே விளங்காது.

ஒரு நாள் எட்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன், "படகிலேருந்து எறியிற கயித்தப் பிடிக்கிற மாதிரியா சார்?" என்றான். எறிகிற கயிற்றை யாரும் கையை விறைத்து வைத்துப் பிடிப்பதில்லையே. பிடிக்கும்போதே கை பின்னால் போகும். அதேதான். அன்று மாலைக்குள் பாதிப் பேருக்குப் பந்து காலடியில் நின்றது. நான்கு வருடம் நான் கத்தியதை அவன் ஒரு வரியில் சொல்லிவிட்டான். இன்று வரை எங்கள் மைதானத்தில் அதற்குப் பெயர் 'கயிறு'. "கயிறு போடுலே" என்று ஒருவரையொருவர் கத்துவார்கள். வெளியூர் டீம் புரியாமல் பார்க்கும்.

ஜூன், ஜூலை தடைக்காலத்தில் இன்னொரு தமாஷ். அப்பாமார் எல்லாம் கரையில். மழையில் குடை பிடித்துக்கொண்டு வரிசையாக நின்று, எனக்கு நாற்பது கோச்.

அப்புறம் வார்ம் அப். நான் ஆடிய காலத்தில் இரண்டு முறை குனிந்து நிமிர்ந்து, சிலுவை போட்டுக்கொண்டு இறங்குவோம். ஃபிஃபா 11+ என்று ஒரு முறை இருக்கிறது, மொத்தம் 15 பயிற்சி, இருபது நிமிடத்தில் முடியும். குதித்து இறங்கும்போது முட்டு உள்பக்கம் மடங்காமல் இறங்குவது, முழங்காலிட்டு மெதுவாக முன்னால் சாய்வது, இப்படி. என் முட்டு போனதற்கப்புறம்தான் இதைப் படித்தேன். இப்போது இது செய்யாதவனுக்கு என்னிடம் பந்து கிடையாது. முதலில் முனகினார்கள், இப்போது நான் வர நேரமானால் அவர்களே தொடங்கிவிடுகிறார்கள்.

மைதானத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆடிய கடற்கரை மைதானத்தின் கிழக்கு கோல் போஸ்ட் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மேற்குப் போஸ்ட் இருந்த இடத்தில் பாறாங்கல், அதற்கப்பால் அலை. கடலுக்குள் கல் போட்டுத் தூண்டில் வளைவு கட்டிய இடத்தில் மணல் சேர்கிறது, பக்கத்து ஊரில் அரிக்கிறது. பையன்கள் இப்போது முழு மைதானம் ஆடுவது வாரத்தில் ஒரு நாள், அதுவும் வேறு ஊருக்குப் போய். மற்ற நாளெல்லாம் எங்கள் இடத்தில் ஏழு பேர்தான் ஆட முடியும். ஆக, செவன்ஸ் கூடாது என்று சொல்கிற நான் தினமும் செவன்ஸ்தான் ஆட வைக்கிறேன். விசில் அண்ணா, இதை நீங்கள் கவனிக்கவில்லை!

விசில் (ஞாயிறு, இரவு 9.00)

கவனித்திருந்தால் அப்போதே ஊதியிருப்பேன். ஆனால் ஆஃப்சைடு கோடு போட்டு ஆட வையுங்கள், ஏழு பேர் ஆனாலும்.

மூணு பிள்ளை அம்மா (ஞாயிறு, இரவு 10.45)

நான் பந்தாட்டம் தெரிந்தவள் இல்லை. என் நடுவுள்ளவன் ஆடுகிறான், அதனால் இதைப் படிக்கிறேன்.

2017இல் ஒக்கிப் புயலில் போன என் தம்பி வரவில்லை. பெட்டியில் வைக்க ஒன்றும் கிடைக்கவில்லை, சட்டையை வைத்து அடக்கினோம். அவனும் பந்து ஆடினவன்தான். எவரும் அவனுக்கு 2,500 தருகிறேன் என்று கூப்பிடவில்லை, அதனால் கடலுக்குப் போனான். முட்டு போகும், முட்டு போகும் என்று இத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீடுகளில் முட்டு மட்டும் போனால் நாங்கள் கும்பிடுவோம்.

அதற்காகப் பையனைப் போகச் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு முடிக்கட்டும் என்றுதான் நானும் நினைப்பேன். ஒன்று மட்டும் கேட்கிறேன் சார். நீங்கள் பையனிடம் பேசினீர்கள். மேனேஜர் பையனிடம் பேசினார். இங்கே ரெஃப்ரி, கோளி, கல்ஃப்காரர் எல்லோரும் பேசுகிறார்கள். அவன் அம்மாவிடம் யாராவது பேசினீர்களா?

மணல்மேட்டு வாத்தியார் (ஞாயிறு, இரவு 11.20)

இல்லை அக்கா.

நாளை போகிறேன்.

பொழியூர்க்காரன் (திங்கள், காலை 8.00)

அக்கா சொன்னதற்கு மேல் எனக்கு ஒன்றும் எழுத வரவில்லை. சாரே, போய்விட்டு வந்து எழுதணும்.

மணல்மேட்டு வாத்தியார் (பிப்ரவரி கடைசி, இரவு 9.15)

ஐந்து வாரமாகிவிட்டது. சிலர் தனியாகக் கேட்டீர்கள், மன்னிக்கவும்.

அந்த அம்மா வலை முடிந்துகொண்டிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் முட்டு, மாநிலம், சர்டிஃபிகேட், ஒதுக்கீடு என்று எல்லாவற்றையும் அடுக்கினேன். கையை நிறுத்தாமல் கேட்டார். முடிவில், "ரெண்டு ஆட்டம் போகட்டும் சார். டியூஷன் காசு நிக்கிது. நீங்களும் கூடப் போங்க. நீங்க போறீங்கன்னா நான் உறங்குவேன்" என்றார். நான் 'கூடாது' என்று சொல்லப் போனவன், 'சரி' என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பத்தாம் வகுப்புப் பாடப் புத்தகத்தோடு வெள்ளி இரவு ரயில். திரூரில் இறங்கினோம். மைதானத்தில் கமுகு மரம் கட்டிய காலரி (பார்வையாளர் மேடை), தலைக்கு மேல் விளக்கு, காதடைக்கிற மைக். உள்ளே போகும் முன் அவனைக் காலரிக்குப் பின்னால் கூட்டிப்போய் இருபது நிமிடப் பயிற்சி முழுக்கச் செய்ய வைத்தேன். கடலை விற்கிறவர் நின்று வேடிக்கை பார்த்தார். மேனேஜருக்கும் எனக்கும் முதலிலேயே பேச்சு, இரண்டாம் பாதியில் மட்டும்தான் இறக்க வேண்டும் என்று. அவர் ஒப்புக்கொண்ட முகம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சொன்னபடி செய்தார்.

ஆடினான். ஒரு கோல் போட வைத்தான். உயரமான ஒரு வெளிநாட்டு ஸ்டாப்பர் அவனைத் தோளால் இடித்துப் புழுதியில் போட்டான். நான் எழுந்து நின்றுவிட்டேன், கை தானாக என் இடது முட்டைப் பிடித்திருந்தது. அவன் எழுந்து மணலைத் தட்டுவதுபோல் புழுதியைத் தட்டினான். அந்த ஸ்டாப்பரே கை கொடுத்துத் தூக்கினான்.

ஆட்டம் முடிந்து பணம் வாங்கும் இடத்தில் நரைத்த தாடியோடு ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வந்து, மலையாளத்தில், "முட்டு இப்போ எப்படி?" என்றார். அன்று ஜீப் ஓட்டியவர். என் பெயர் அவருக்கு நினைவில்லை, முட்டு நினைவிருக்கிறது. சாயா வாங்கித் தந்தார். நான் வைத்திருந்த கோபத்தை யார்மீது போடுவது என்று தெரியாமல் சாயாவைக் குடித்தேன்.

இரண்டு ஆட்டத்தோடு நிறுத்தினோம். மேனேஜர் மே வரைக்கும் கேட்டார். தேர்வு முடிந்து பேசுவோம் என்றேன். பணத்தை அவன் எண்ணிப் பார்க்கவில்லை, அப்படியே அம்மாவிடம் கொடுத்தான்.

மாநிலத்தில் காலிறுதியில் தோற்றோம், 1-0. விசில் அண்ணா, உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். பையன் மூன்று முறை ஆஃப்சைடு. எழுதி வைத்த மாதிரி. மூன்றாவது முறை கொடி தூக்கியபோது அவன் திரும்பி என்னைப் பார்த்தான், நான் வானத்தைப் பார்த்தேன். ஆனால் காகிதம் கிடைத்தது. பிளாஸ்டிக் உறையில் போட்டு அந்த அம்மாவிடம் கொடுத்தேன். ரேஷன் கார்டு வைத்திருக்கும் டப்பாவில் வைத்தார்.

இப்போது கணக்குப் பாடம்தான் அவனுக்குப் பெரிய எதிரணி. மாலையில் பயிற்சி கிடையாது, படிப்பு. ஆறு மணிக்கு மேல் பத்து நிமிடம் மட்டும் பந்து, வலது காலால் மட்டும். பழைய கோளி அண்ணா சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். வலது காலில் அடித்தால் பந்து பாறாங்கல்லுக்கு மேல் பறந்து கடலில் விழுகிறது. இதுவரை இரண்டு போயிற்று.

ஒரு உதவி. மாநிலத்தில் அவன் பூட்டின் முன்பக்கம் வாய் பிளந்துவிட்டது. எட்டாம் நம்பர், பழையது ஆனாலும் பரவாயில்லை, யாரிடமாவது இருக்கிறதா?

விசில் (பிப்ரவரி கடைசி, இரவு 9.30)

சந்தோஷம் இல்லை தம்பி. மூன்றில் ஒன்று கொடியின் தப்பாகவும் இருக்கலாம்.

பொழியூர்க்காரன் (பிப்ரவரி கடைசி, இரவு 9.42)

என்னிடம் எட்டு உண்டு சாரே. இடது காலில் ஒரு ஸ்டட் போயிருக்கு, ஒட்டித் தருகிறேன். வெள்ளிக்கிழமை கொல்லங்கோடு வருகிறேன், சந்தைப் பக்கம் நில்லுங்கள். இரண்டு பந்தும் கொண்டு வருகிறேன்.